எடையில் ஒளிந்திருக்கும் பூர்வீகம்

குளோரினின் அணு எடை 35.5 என்று பள்ளியில் எல்லோரும் மனப்பாடம் செய்திருப்போம். அதை வைத்து மோல் கணக்குப் போட்டு மதிப்பெண்ணும் வாங்கியிருப்போம். அந்த எடையுள்ள குளோரின் அணு இந்த உலகத்தில் ஒன்றுகூடக் கிடையாது. இயற்கையில் நிலைத்து நிற்பவை இரண்டே வகை: ஒன்று 35, மற்றது 37. நான்கில் மூன்று பங்குக்குச் சற்று மேலாக முதல் வகை, மீதி இரண்டாவது. உப்பு ஜாடியிலிருந்து எடுக்கும் ஒரு சிட்டிகையில் இரண்டும் கலந்தே வருகின்றன. 35.5 அந்தக் கூட்டத்தின் சராசரி. கூட்டத்தில் யாருடைய எடையும் அது இல்லை.

ஒரு தனிமத்தின் அணுக்கள் அத்தனையும் எடையில் அச்சு அசலாக ஒன்றே என்று ஜான் டால்டன் 1808இல் வெளியிட்ட நூலில் வைத்துக்கொண்டார். அதற்கு நிரூபணம் இல்லை. ஆனால் வசதியாக இருந்தது. அந்த வசதியின் மேல்தான் நூறு ஆண்டு வேதியியல் எழும்பி நின்றது. எல்லா அணு எடைகளும் ஹைட்ரஜனின் முழு மடங்குகளாகத்தான் இருக்க வேண்டும் என்று வில்லியம் பிரவுட் 1815இல் சொல்லிப் பார்த்தார். குளோரினின் அந்த அரை குறுக்கே வந்து நின்றது. 1886இல் வில்லியம் க்ரூக்ஸ் பர்மிங்காம் கூட்டமொன்றில், 40 என்று நாம் சொல்லும் கால்சியத்துக்குள் 39ம் 41ம் கலந்திருக்கக்கூடாதா என்று கேட்டார். கையில் சான்று இல்லாததால் அது நல்லதொரு மேடைப் பேச்சாக முடிந்துபோனது.

சான்று கிடைக்காததற்குக் காரணம் உண்டு. கரைப்பது, வடிப்பது, படிகமாக்குவது, வீழ்படிவாக இறக்குவது என்று வேதியியலாளர் கைவசம் இருந்த உபாயங்கள் எல்லாம் ஓர் அணு மற்ற அணுக்களோடு எப்படிச் சேர்கிறது, எப்படி விலகுகிறது என்பதை மட்டும் கேட்பவை. ஒரே அச்சில் அடித்த இரண்டு பத்து ரூபாய் நாணயங்களில் ஒன்று கொஞ்சம் கனம் கூடியிருந்தாலும் கடைக்காரருக்கு இரண்டும் பத்து ரூபாய்தான். எண்ணிக் கல்லாவில் போடுகிறவர் நிறுத்துப் பார்ப்பதில்லை. வேதியியல் அந்தக் கல்லாவில் உட்கார்ந்திருந்தது. எடை வேறுபாட்டை அது காண வேண்டுமானால், கலவையே மாறிப்போன ஓர் ஈயமோ தோரியமோ எங்கிருந்தாவது வந்து சேர வேண்டும். வந்தது. வந்த இடங்களில் ஒன்று இலங்கை.

*

ஆனந்த குமாரசாமியை நாம் நடராசர் வழியாக அறிவோம். ஆடும் சிவனின் வடிவத்தை உலகம் இன்று எந்தச் சொற்களில் பேசுகிறதோ அவற்றில் பாதி அவருடைய கட்டுரையிலிருந்து வந்தவை. 1912இல் சென்னையின் ‘சித்தாந்த தீபிகை’யில் வெளியான அந்தக் கட்டுரைதான் 1918இல் வந்த நூலுக்குத் தலைப்பையும் கொடுத்தது. ஆனால் அவர் படித்தது கலை வரலாறு இல்லை. லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் நிலவியலும் தாவரவியலும் படித்துத் தேறியவர் அவர். தந்தை சர் முத்து குமாரசாமி, கொழும்பின் பேர்பெற்ற தமிழர். தாய் எலிசபெத், ஆங்கிலேயப் பெண். இரண்டு வயதுக்குள் தந்தையை இழந்து இங்கிலாந்தில் வளர்ந்த மகன், இருபதுகளின் நடுவில் பிறந்த நாட்டுக்குத் திரும்பி இலங்கைக் கனிம ஆய்வுத் துறையின் முதல் இயக்குநராக அமர்ந்தார்.

அவர் ஆராய்ந்த சப்ரகமுவ மாகாணத்தில் ரத்தினம் தோண்டுகிறவர்கள் சரளை அடுக்கை வெட்டி எடுத்துக் கூடையில் போட்டு நீரில் சுழற்றி அலசுவார்கள். அந்த அடுக்குக்குச் சிங்களத்தில் ‘இல்லம’ என்று பெயர். மண்ணும் இலேசான கல்லும் நீரோடு போய்விட, கனமானவை கூடையின் அடியில் தங்கும். நீலக்கல்லும் கெம்பும் தங்குகிற அதே இடத்தில் சிறு சிறு கறுப்புக் கனசதுரங்களும் தங்கின. பளபளப்பு இல்லை, நகைக்கு ஆகாது. ஆனால் நீரைப்போல் ஒன்பது மடங்குக்கு மேல் கனம். பலாங்கொடைப் பக்கம் கிடைத்த அந்தக் கல் 1904இல் குமாரசாமியின் கைக்கு வந்தது. யுரேனியக் கனிமமாக இருக்கும் என்பது அவருடைய முதல் எண்ணம். லண்டனுக்கு அனுப்பிப் பகுத்தபோது பெரும்பகுதி தோரியம் என்று தெரிந்தது. இம்பீரியல் இன்ஸ்டிட்யூட்டின் விண்டம் டன்ஸ்டன் அதற்குத் தோரியனைட் என்று பெயரிட்டார்.

குமாரசாமி கற்களைத் தேடி ஊர் ஊராகப் போனவர். போன ஊர்களில் நெசவும் உலோக வேலையும் கூலி வேலையாகக் கரைந்துகொண்டிருப்பதைப் பார்த்தார். 1906இல் அவர் வேலையை விட்டு விலகி வேறு வழியில் நடந்தது அதனால்தான். அவர் விட்டுப்போன கல், தன் வழியில் போனது.

*

அதே 1904இல் ஓட்டோ ஹான் என்கிற ஜெர்மானிய இளைஞர் லண்டனில் வில்லியம் ராம்சேயின் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தார். ஒரு வேதிப்பொருள் நிறுவனத்தில் வேலைக்குச் சேர ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் பயணத்தின் காரணம். கதிரியக்கம் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தோரியனைட்டிலிருந்து எடுத்த பேரியம் உப்பைக் கையில் கொடுத்து, இதிலிருந்து ரேடியத்தைப் பிரித்தெடு என்றார் ராம்சே. பிரித்துக்கொண்டு போன ஹானுக்கு ரேடியத்தோடு, கணக்கில் இல்லாத இன்னொன்றும் கிடைத்தது. தோரியத்தைவிடப் பல மடங்கு வீரியமான கதிர்வீச்சு அதில் இருந்தது. 1905இல் அதை ரேடியோதோரியம் என்று அறிவித்தார். அமெரிக்காவில் இருந்த பெர்ட்ராம் போல்ட்வுட் அதை நம்பவில்லை. இது தோரியம்-எக்ஸ் என்ற பொருளும் மடத்தனமும் கலந்த புதுச் சேர்மம்போல் இருக்கிறது என்று ரூதர்ஃபோர்டுக்குக் கடிதம் எழுதிக் கிண்டல் செய்தார்.

கிண்டல் செய்தவருக்கே சீக்கிரம் அதே வினை வந்தது. 1907இல் போல்ட்வுட் தாமே கண்டுபிடித்த அயோனியம் என்னும் பொருளை எந்த வகையிலும் தோரியத்திலிருந்து பிரிக்க முடியவில்லை. அதே ஆண்டு சிகாகோவில் மெக்காயும் ராஸும் ஹானின் ரேடியோதோரியத்தைத் தோரியத்திலிருந்து பிரிக்க எல்லா வழியும் பார்த்துத் தோற்று, முடியவே முடியாது என்று எழுதினார்கள். மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டு, ரேடியம்-டி என்ற பொருளை ஈயக் குவியலிலிருந்து பிரித்துக் கொடுக்கும்படி ஜார்ஜ் ஹெவெசியிடம் சவால்போல் சொன்னார். ஹங்கேரியிலிருந்து வந்த அந்த இளைஞரும் முட்டி மோதிப் பார்த்துக் கைவிட்டார். நூறு ஆண்டாகப் பொருள்களைப் பிரித்துப் பிரித்தே வளர்ந்த ஒரு துறைக்கு முன்னால், தனித்தனி ஆயுள் கொண்ட, ஆனால் பிரியவே பிரியாத ஜோடிகள் வரிசையாக வந்து நின்றன.

இது கைத்திறனின் குறை இல்லை, உலகின் இயல்பே இதுதான் என்று துணிந்து சொன்னவர் கிளாஸ்கோவில் இருந்த ஃப்ரெடரிக் சாடி. குமாரசாமி பிறந்த 1877இல், அவருக்குப் பதினொரு நாள் பின்னால் பிறந்தவர். பிரிக்க முடியவில்லை என்றால் அவை வேதியியலுக்கு ஒன்றேதான். எடை வேறாக இருந்தாலும் தனிம வரிசையில் அவற்றுக்கு ஒரே கட்டம்தான் என்பது அவர் வாதம். 1913 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழில் அவர் எழுதிய குறிப்பில்தான் ஐசோடோப் என்ற பெயர் அச்சேறியது.

அந்த ஒரே கட்டத்துக்கு ஒரு பொருள் எப்படித் திரும்பி வருகிறது என்பதற்கும் சாடியிடம் விடை இருந்தது. ஆல்ஃபா துகளை உமிழும் அணு வரிசையில் இரண்டு கட்டம் கீழே இறங்கும், எடையில் நான்கு குறையும். பீட்டா துகளை உமிழ்ந்தால் ஒரு கட்டம் மேலே ஏறும், எடை அநேகமாக மாறாது. எடை 232 உள்ள தோரியம் ஆல்ஃபாவை உமிழ்ந்து இரண்டு படி இறங்கி ரேடியத்தின் கட்டத்துக்குப் போகிறது. அங்கிருந்து அடுத்தடுத்து இரண்டு பீட்டா. இரண்டு படி ஏறிப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுகிறது. இப்போது அதன் எடை 228. ஹான் கண்டெடுத்த ரேடியோதோரியம் இதுதான். மறுபடியும் தோரியம், ஆனால் வேறொரு தோரியம். முதலாவதில் பாதி அழிய 1,405 கோடி ஆண்டு ஆகும். திரும்பி வந்ததில் பாதி இரண்டு ஆண்டுக்குள் போய்விடும்.

இந்தக் கதையின் ஒரு துண்டைத் தமிழ்நாட்டில் அநேகமாக எல்லோரும் பார்த்திருக்கிறோம். கல்யாண ஊர்வலத்திலும் தெருக்கூத்து மேடையிலும் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டில்; ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தில் செந்தில் நசுக்கித் தொலைக்கிறாரே, அந்த வெள்ளைக் கூடு. தோரியம் உப்பில் துளி சீரியம் சேர்த்துத் துணிப்பையை ஊறவைத்துக் காயவைப்பார்கள். முதல் தடவை பற்றவைத்ததும் துணி எரிந்துபோக, தொட்டால் உதிரும் ஆக்சைடு எலும்புக்கூடு மிஞ்சும். வெளிச்சம் அதிலிருந்து வருவது. அதற்கான தோரியம் மோனசைட் மணலில் இருந்து கிடைக்கும். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் அந்த மணலை நூறு ஆண்டுக்கு மேலாக வாரி எடுத்துவருகிறார்கள். ஆலையில் தோரியத்தைச் சுத்திகரிக்கும்போது அதனோடு இருக்கும் ரேடியம் போய்விடும். அது வேறு தனிமம். ரேடியோதோரியம் மட்டும் போகாது. எத்தனை அமிலத்தில் கரைத்தாலும் எத்தனை முறை படிகமாக்கினாலும் அது தோரியத்தோடு சேர்ந்தே மேண்டிலுக்குள் வந்துவிடும். அதற்குப் பிறகு நடப்பதுதான் வேடிக்கை. வழியில் இருந்த ரேடியத்தை ஆலை எடுத்துவிட்டதால் ரேடியோதோரியத்துக்குப் புதுவரவு குறைந்துவிடுகிறது, இருப்பது தேய்கிறது, முதல் சில ஆண்டுகள் தோரியத்தின் கதிரியக்கம் இறங்கிக்கொண்டே வரும். பிறகு புதிய ரேடியம் மெல்ல ஊற ஊற, மறுபடி ஏறும். சுத்தமான ஒரே பொருள் என்று சீட்டு ஒட்டி அலமாரியில் வைத்த புட்டி, யாரும் தொடாமலே குணம் மாறியது. போல்ட்வுட்டையும் ஹானையும் சில காலம் தலையைப் பிய்த்துக்கொள்ள வைத்த புதிர் இது.

பின்னால் வந்த இயற்பியல் காரணத்தைத் தெளிவாக்கியது. அணுவின் வேதிநடத்தை வெளியே சுற்றும் எலக்ட்ரான்களின் கையில் இருக்கிறது. எத்தனை எலக்ட்ரான் என்பதை முடிவு செய்வது கருவுக்குள் இருக்கும் புரோட்டான்களின் எண்ணிக்கை. தனிமத்துக்குப் பெயர் கொடுப்பது அந்த எண் ஒன்றுதான் என்று 1913இல் மோஸ்லி எக்ஸ் கதிர்களைக் கொண்டு காட்டினார். கருவில் மின்னூட்டம் இல்லாத இன்னொரு துகளும் உண்டு, எடையைக் கூட்டுவது அது என்பது 1932இல் சாட்விக் நியூட்ரானைக் கண்டபோதுதான் தெரிந்தது. 82 புரோட்டான் இருந்தால் ஈயம். நியூட்ரான் 122, 124, 125, 126 என்று எதுவாக இருந்தாலும் ஈயமே. எத்தனை விதம் நிலைத்து நிற்கும் என்பது தனிமத்துக்குத் தனிமம் மாறும். தங்கத்துக்கு ஒன்றே ஒன்று. வெள்ளீயத்துக்குப் பத்து.

*

நிறுத்துப் பார்த்து நிரூபிக்க ஈயம்தான் தோதாக அமைந்தது. யுரேனியமும் தோரியமும் சிதைந்து சிதைந்து கடைசியில் ஈயத்தில் வந்து நிற்கின்றன. ஆனால் வெவ்வேறு ஈயத்தில். யுரேனியம்-238இன் முடிவு 206, யுரேனியம்-235இன் முடிவு 207, தோரியத்தின் முடிவு 208. சாடியின் கணக்கு சரி என்றால் யுரேனியப் பாறையில் ஊறிய ஈயம் சாதாரண ஈயத்தைவிட இலேசாகவும் தோரியப் பாறையில் ஊறியது கனமாகவும் இருக்க வேண்டும். அப்படித் தோரியம் மிகுந்த பாறைக்கு அவர் நாடியது இலங்கையின் இன்னொரு கனிமமான தோரைட்டை. அதிலிருந்து ஈயத்தைப் பிரித்து எடை பார்க்கும் வேலையை 1914இல் ஹைமனோடு சேர்ந்து தொடங்கினார். போர்க்காலத்தில் இன்னும் அதிகமான தோரைட்டை எடுத்து, அதன் ஈயத்தின் அடர்த்தி சாதாரண ஈயத்தைவிட 0.26 விழுக்காடு கூடுதல் என்று 1917இல் காட்டினார். அதே ஈயத்தை ஓட்டோ ஹொனிக்ஷ்மிட் நிறுத்தபோது அணு எடை 207.77 வந்தது. சாதாரண ஈயத்துக்கு 207.2.

எதிர்த்திசையிலும் சான்று வந்தது. பொஹீமியாவின் யோக்கிம்ஸ்தால் சுரங்கத்து யுரேனியக் கனிமத்தின் ஈயத்தை 1914இல் ஹொனிக்ஷ்மிட்டும் ஸ்டெஃபானி ஹொரோவிட்ஸும் நிறுத்தார்கள்; கிடைத்தது 206.74. ஹொரோவிட்ஸ் வார்சாவில் பிறந்த யூதப் பெண். அந்த ஈயத்தைத் திரும்பத் திரும்பச் சுத்திகரித்துக் கடைசி மாசும் இல்லாமல் ஆக்கும் பொறுமை அவருடையது. எண்ணின் மேல் யாரும் சந்தேகப்பட முடியாமல் போனதற்கு அந்தப் பொறுமை காரணம். 1942இல் ட்ரெப்ளிங்கா முகாமில் கொல்லப்பட்டார். ஐசோடோப்பின் வரலாற்றில் நோபல் பெற்ற பெயர்கள் சாடி, ஆஸ்டன், ஹெவெசி என்று வரிசையாக வருகின்றன. ஹொரோவிட்ஸின் பெயர் அடிக்குறிப்புக்கே நெடுங்காலம் காத்திருந்தது. அணு எடைகளைத் துல்லியமாக அளந்ததற்காகவே நோபல் பெற்ற ஹார்வர்டின் தியோடர் ரிச்சர்ட்ஸ் தாமும் நிறுத்துப் பார்த்தார். நார்வேயிலிருந்து வந்த ஓர் ஈயத்தில் அவருக்குக் கிடைத்தது 206.08. மாறாதவை என்று எண்ணித்தான் அவர் அந்த எண்களை அளந்து வந்தார். அளவை நுணுகியதும் மாறுகின்றன என்று தெரிந்தது.

எதை ஈயம் என்று அழைப்பது என்பதற்கு இதனால் ஒரு சிக்கலும் வரவில்லை; அத்தனையும் ஈயம்தான். உருகுவதும் வளைவதும் குழம்பில் கலந்தால் நஞ்சாவதும் எல்லாவற்றுக்கும் ஒன்றே. மாறிப்போனது வேறொன்று. ஈயத்துக்கு ஊர் உண்டு என்று ஆகிவிட்டது. எந்தப் பாறையில், எந்தப் பொருளோடு, எத்தனை கோடி ஆண்டு கிடந்தது என்ற பூர்வீகம் அதன் எடைக்குள் எழுதப்பட்டிருக்கிறது. உலகத் தனிம எடைக் குழு ஈயத்துக்கு ஒற்றை எண்ணைக் கொடுப்பதைச் சில ஆண்டுகளுக்கு முன் நிறுத்திவிட்டது. இப்போது பட்டியலில் இருப்பது ஒரு வீச்சு: 206.14 முதல் 207.94 வரை. அதற்குள் உன் ஈயம் எங்கே நிற்கிறது என்பதை நீயே அளந்துகொள் என்று அர்த்தம்.

இந்தப் பூர்வீகத்தைப் படிக்கக் கற்றதும் பெரிய கேள்விகள் சில வசப்பட்டன. ஈயம்-204க்கு மட்டும் எந்தக் கதிரியக்கப் பாரம்பரியமும் கிடையாது. பூமி உருவானபோது எவ்வளவு இருந்ததோ அவ்வளவே இன்றும். மாறாத அதை அளவுகோலாக வைத்து, மற்ற மூன்றும் எவ்வளவு பெருகியிருக்கின்றன என்று பார்த்தால் காலம் கிடைக்கும். 1956இல் கிளேர் பேட்டர்சன் விண்கற்களின் ஈயத்திலிருந்து பூமியின் வயது 455 கோடி ஆண்டு என்று கண்டது அப்படித்தான்.

இதே முறை தென்னிந்தியச் செப்புத் திருமேனிகளுக்கும் வந்தது. அவற்றின் வார்ப்பில் செம்போடும் வெள்ளீயத்தோடும் ஈயமும் கலந்திருக்கிறது. சாரதா ஸ்ரீநிவாசன் அந்த ஈயத்தின் ஐசோடோப் விகிதங்களை அளந்து, காலம் உறுதியாகத் தெரிந்த படிமங்களோடு ஒப்பிட்டுப் பல்லவர், சோழர், விஜயநகர் என்று உலோகத்தின் வழியே குழுக்களைப் பிரித்துக் காட்டினார். சோழர் காலத்தவை என்று கருதப்பட்டுவந்த நடராசர் வடிவங்களில் ஓரிரண்டு பல்லவர் காலத்து உலோகத்தோடு பொருந்துகின்றன என்று 2004இல் ஒரு கட்டுரையில் வாதிட்டார். பழைய படிமத்தை உருக்கிப் புதியது வார்த்திருந்தால் ஈயங்கள் கலந்து தடயம் குழம்பும் என்பதும் இந்த முறையின் எல்லை. முடிவு எதுவானாலும், ஆடும் கோலத்தின் காலத்தை விரலும் மகுடமும் அணியும் பார்த்துக் கணித்துவந்த இடத்தில், சிற்பிக்கே தெரியாமல் வார்ப்புக்குள் போன ஒரு சாட்சியும் வந்து உட்கார்ந்துவிட்டது. ஸ்தபதி ஈயத்தை ஈயமென்றே வாங்கியிருப்பார். அவருக்கு வேண்டியதும் அதுவே.

*

ஒன்றாக இருப்பதும் பயன்படும். ஹெவெசி தோல்வியைத் தலைகீழாகத் திருப்பினார். ரேடியம்-டியை ஈயத்திலிருந்து பிரிக்க முடியாது என்றால், ஈயத்தில் அதைத் துளி சேர்த்துவிட்டால் ஈயம் போகும் இடமெல்லாம் அதுவும் போகும். கதிரைத் தேடினால் ஈயத்தின் பாதை தெரியும். 1913இல் வியன்னாவில் ஃபிரிட்ஸ் பனேத்தோடு சேர்ந்து இதைச் செய்து காட்டினார். பத்து ஆண்டு கழித்து அவரைச் செடியின் வேரிலிருந்து இலைக்கு ஈயம் ஏறுவதை இதே வழியில் தொடர்ந்தார். தைராய்டு நோயாளிக்கு இன்று அயோடின்-131 கொடுக்கிறார்கள். கழுத்துச் சுரப்பிக்கு அயோடின் என்றால் அயோடின்தான். எட்டு நாளில் பாதியாகிவிடுகிற கதிரியக்க அயோடினையும் அது வழக்கமானதென்று நம்பி இழுத்து வைத்துக்கொள்ளும். அந்த நம்பிக்கைதான் மருந்து. அணு உலை விபத்தின்போது சாதாரண அயோடின் மாத்திரை கொடுப்பதும் அதே நம்பிக்கையை நம்பித்தான். நல்லதால் நிரம்பிய சுரப்பி கெட்டதை ஏற்காது.

ஆனால் எடை என்பது வேதியியலில் சுத்தமாக எண்ணப்படாத ஒன்றா? ஈயத்தில் 208க்கும் 206க்கும் உள்ள வித்தியாசம் நூற்றில் ஒரு பங்கு, யாரும் கண்டுகொள்வதில்லை. ஹைட்ரஜனில் அப்படி இல்லை. 1931இல் ஹெரால்டு யூரி கண்ட டியூட்டிரியம் சாதாரண ஹைட்ரஜனைப்போல் இரு மடங்கு எடை. அதனால் ஆன கனநீர் 3.8 டிகிரியிலேயே உறைந்துவிடும். அதன் பனிக்கட்டி சாதாரண நீரில் மூழ்கும். கன அணுவின் பிணைப்பு மெதுவாக அதிர்கிறது, அறுபட அதிக ஆற்றல் கேட்கிறது. உயிரணுவுக்குள் தாளம் தப்புகிறது. 1933இல் கில்பர்ட் லூயிஸ் சுத்தமான கனநீரில் புகையிலை விதைகளைப் போட்டபோது முளைக்கவே இல்லை. பிரிக்க முடியாமையை இலக்கணமாக வைத்த சாடிக்கு, இவ்வளவு எளிதாகப் பிரிகிற டியூட்டிரியத்தை ஐசோடோப் என்று ஏற்பதே கடினமாக இருந்தது.

கடல்நீரில் சுமார் 6,400 ஹைட்ரஜனுக்கு ஒன்று டியூட்டிரியம். தூத்துக்குடியில் கனநீருக்கென்று ஓர் ஆலையே கட்ட நேர்ந்தது, அந்தச் சொற்பத்தைச் சேர்த்துத் திரட்ட. கல்பாக்கத்தின் இரண்டு மின் உலைகளும் இந்த நீரை நம்பி ஓடும் வகை. சாதாரண ஹைட்ரஜன் நியூட்ரானை விழுங்கிவிடும். டியூட்டிரியம் வேகத்தை மட்டும் குறைத்து அநேகமாக அப்படியே திருப்பி அனுப்பும். இயற்கை யுரேனியத்தைச் செறிவூட்டாமல் எரிக்க அதனால்தான் முடிகிறது. வேதியியலுக்கு இரண்டும் நீர். அணுக்கருவுக்கு ஒன்று தடை, மற்றது வழி.

*

செறிவூட்டல் என்றதும் இந்த விஷயத்தின் கனமான பகுதிக்கு வந்துவிடுகிறோம். இயற்கை யுரேனியத்தில் ஆயிரம் அணுவுக்கு ஏழுதான் 235. மீதி அநேகமாக எல்லாம் 238. வித்தியாசம் மூன்று நியூட்ரான். 235இல் நியூட்ரான் எண்ணிக்கை ஒற்றைப்படை. இன்னொன்று வந்து ஜோடி சேரும்போது கிடைக்கும் ஆற்றலே கருவைப் பிளக்கப் போதும். 238க்கு மெதுவான நியூட்ரானால் அது நடப்பதில்லை. யுரேனியம் பிளக்கும் என்பதை 1938 டிசம்பரில் பெர்லினில் ஃபிரிட்ஸ் ஷ்ட்ராஸ்மனோடு கண்டவர் ஓட்டோ ஹான். இலங்கைக் கல்லின் உப்பிலிருந்து கதிரியக்கம் பழகிய அதே ஹான். லீஸ் மைட்னரும் ஃபிரிஷும் அதற்கு விளக்கம் கொடுத்தார்கள். பிளவது 235 என்று சில வாரங்களில் நீல்ஸ் போர் சொன்னார். ஹிரோஷிமாச் செய்தி வந்தபோது ஹான் இங்கிலாந்தில் ஒரு பண்ணை வீட்டில் காவலில் இருந்தார்.

அந்தக் குண்டுக்கு வேண்டிய 235ஐப் பிரிக்க அமெரிக்கா என்ன செய்ய வேண்டியிருந்தது என்பதைப் பார்த்தால் ஐசோடோப்பின் அர்த்தம் முழுதாக விளங்கும். எந்த அமிலமும் உதவாது, எந்தக் கரைப்பானும் உதவாது. டென்னசியின் ஓக் ரிட்ஜில் அன்று உலகத்திலேயே பெரியதாக இருந்த கட்டடத்தை எழுப்பி, யுரேனியத்தை ஃப்ளூரினோடு சேர்த்து வாயுவாக்கி, நுண்துளைச் சல்லடைகள் வழியே ஆயிரக்கணக்கான படிகளில் தள்ளினார்கள். ஒரு மூலக்கூறு 349, மற்றது 352. ஒரு படியில் கிடைக்கும் முன்னேற்றம் நூற்றில் அரைப் பங்குகூட இல்லை. ஃப்ளூரினுக்கு ஒரே ஓர் ஐசோடோப்தான் என்பதால் அந்த அற்ப வித்தியாசமாவது குழம்பாமல் தேறியது. பக்கத்து ஆலையில் காந்தச் சுருள்களுக்குச் செம்பு போதாமல் அரசுக் கருவூலத்திலிருந்து ஆயிரக்கணக்கான டன் வெள்ளியைக் கடன் வாங்கினார்கள். நாணயத்தை எண்ணி வாங்கும் வழியை விட்டு, ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்க்கும் வழிக்கு ஒரு நாடே இறங்கினால் ஆகும் செலவு அது.

அணு ஆயுதக் கட்டுப்பாடு பற்றிய பேச்சில் உடன்படிக்கைகளையும் உளவையும்தான் எண்ணுகிறோம். அதற்கெல்லாம் முந்திய ஒரு காவல் இயற்கையிலேயே இருக்கிறது: 235க்கும் 238க்கும் எலக்ட்ரான்கள் ஒன்றே என்பது. அவை வேதியியலில் கொஞ்சம் வேறாக இருந்திருந்தால், யுரேனியத் தாது உள்ள எந்த நாட்டிலும் ஒரு நல்ல கல்லூரி ஆய்வகம் போதுமாயிருந்திருக்கும். புளூட்டோனியம் தனித் தனிமம், அமிலத்தில் கரைத்துப் பிரிக்கலாம். அதனால்தான் அதன் பாதை எப்போதும் கூடுதல் கவலை தருவதாக இருக்கிறது. ஆனால் அதற்கு முதலில் உலை வேண்டும். யுரேனிய வழியில் குறுக்கே நிற்பது, எண்பது ஆண்டுக்கு மேலாக நிற்பது, சாடி சொன்ன அந்த ஒருமைதான்.

காவலாக இருக்கும் அதே ஒருமையின் மறுபக்கம் சாட்சியாகவும் இருக்கிறது. சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள் ஓர் ஆலைக்குள் போனால் பருத்தித் துணியால் சுவரையும் இயந்திரத்தையும் துடைத்து எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அதில் ஒட்டிய கண்ணுக்குத் தெரியாத துகளின் ஐசோடோப் விகிதம் போதும், அங்கே என்ன நடந்தது என்று சொல்ல. 2003இல் ஈரானில் எடுத்த துணிகளில் உயர்செறிவு யுரேனியத் துகள்கள் கிடைத்தன. அவற்றில் பெரும்பகுதி பாகிஸ்தானிலிருந்து வாங்கிய பழைய இயந்திரப் பாகங்களோடு வந்தவை என்று ஒப்பிட்டுச் சொல்ல முடிந்ததும் இதே கணக்கால்தான். சுவரைக் கழுவலாம், அமிலம் ஊற்றலாம், வர்ணம் பூசலாம். மிஞ்சிய துகளில் 235 எத்தனை, 238 எத்தனை என்ற விகிதத்தை எந்தக் கழுவலும் மாற்றாது. மாற்ற வேண்டுமானால் இன்னொரு ஓக் ரிட்ஜ் வேண்டும்.

ஆகவே இரண்டு அணு ஒன்றா வேறா என்று வெறுமனே கேட்பதில் பொருள் இல்லை. அமிலம் கேட்டால் ஒன்று. தராசு கேட்டால் வேறு. நியூட்ரான் கேட்டால் வாழ்வுக்கும் சாவுக்கும் இடையிலான தூரம். கேட்கிறவர் யார் என்று தெரிந்த பிறகுதான் பதிலுக்கு அர்த்தம் வருகிறது. இத்தனை பதில்களும் ஒரே கட்டத்தில் ஒன்றோடொன்று முரண்படாமல் உட்கார முடியும் என்பதை இயற்கை ஒளித்து வைக்கவில்லை. ஒரு நூற்றாண்டுக் காலம் ஒரே ஒருவரை மட்டும் கேட்கவிட்டது நாம்தான்.